தண்டவாளத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுத்தோம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தண்டவாளத்தில் திரியும் இளைஞர்களைப் பிடித்து உள்ளே வைக்க வேண்டும், அபராதத்தைப் பத்து மடங்கு ஏற்ற வேண்டும் என்று சென்ற வாரம் உங்கள் நாளிதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய கோபம் நியாயம்தான். ஆனால் அவர் சொன்ன மருந்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இடம் இருந்தால் போடுங்கள்.

நான் ரயில்வேயில் கீமேனாக இருந்து ஓய்வு பெற்றவன். சென்னை – அரக்கோணம் வழியில்தான் பெரும்பாலும் வேலை. ஸ்டேஷன் மாஸ்டரையும் டிரைவரையும் எல்லோருக்கும் தெரியும், கீமேன் யாரென்று அதிகம் பேருக்குத் தெரியாது. விடியற்காலையில் சுத்தியல், ஸ்பேனர், சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, ஆபத்து என்றால் வண்டியை எச்சரிக்கத் தண்டவாளத்தின் மேல் வைக்கிற பட்டாசு, இத்தனையும் தூக்கிக்கொண்டு தன் பங்குக்கு ஒதுக்கிய சில கிலோமீட்டரை நடந்தே பார்க்கிற ஆள். தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்திருக்கிற கிளிப் கழன்றிருக்கிறதா, பற்றவைத்த இடத்தில் விரிசல் விட்டிருக்கிறதா, ஜல்லி சரிந்திருக்கிறதா என்று குனிந்த தலை நிமிராமல் போக வேண்டும். அப்படிப் போகிறபோது தண்டவாளத்தில் உட்கார்ந்திருக்கிற பையன்களையும் தினம் பார்ப்போம். ரயில்வே போலீஸ் எப்போதாவது வருவார்கள். நாங்கள் தினமும் அந்த வழியே போகிறவர்கள். அதனால் இவர்கள் எங்கே உட்காருவார்கள், எந்த ஓட்டை வழியாக வருவார்கள், என்ன பேசுவார்கள் என்பதெல்லாம் எங்களுக்கு அத்துப்படி.

முதலில் சட்டத்தைப் பேசி முடித்துவிடலாம். அனுமதியில்லாமல் தண்டவாளத்துக்குள் நுழைந்தால் 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவு இருக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இல்லையென்றால் இரண்டுமே. படியிலோ கூரையிலோ பயணம் செய்தால் 156-வது பிரிவு. மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஐந்நூறு ரூபாய் வரை அபராதம், இல்லையென்றால் இரண்டுமே. எல்லாம் ஏட்டில் இருக்கிறது, அவ்வப்போது பிடிக்கவும் செய்கிறார்கள். பிடிபட்டவன் கட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறான். எந்த வழியாக? அதே சுவர் ஓட்டை வழியாகத்தான். அவன் வீடு அந்தப் பக்கம் இருக்கிறது, வேறு வழி இல்லை.

இந்தப் பையன்களுக்கு உயிர்மேல் பயமே இல்லை என்கிறார்கள். அது உண்மையில்லை. எல்லோருக்கும் இருக்கிற பயம் அவர்களுக்கும் இருக்கிறது. அவர்களிடம் இருக்கிற கோளாறு வேறு. வண்டி வந்தால் தெரிந்துவிடும் என்று மனதார நம்புகிறார்கள். சாயங்காலம் ஆனால் காற்று வாங்க வந்து உட்கார்ந்து, நாலு பேரும் நாலு போனில் ஃப்ரீ ஃபயர் ஆடுகிறவர்களிடம் போய், "தம்பி, எழுந்திருங்கப்பா" என்றால் வருகிற பதில் எப்போதும் ஒன்றுதான்: "இன்னா பெரிசு, ட்ரெயின் வந்தா சத்தம் கேக்காதா?"

கேட்காது. இதைத்தான் யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

அவர்கள் அப்பா காலத்தில் கேட்டது. அப்போது ஒவ்வொரு 13 மீட்டருக்கும் தண்டவாளத்தில் ஒரு இணைப்பு இருக்கும். சக்கரம் அதில் ஏறி இறங்கும்போது வரும் தடக் தடக் சத்தம் எங்கோ தொலைவிலிருந்தே காதில் விழும். இன்று கிலோமீட்டர் கணக்கில் ஒரே துண்டாகப் பற்றவைத்துவிட்டார்கள். பயணிகளுக்குக் குலுக்கல் இல்லை, தண்டவாளத்துக்கும் தேய்மானம் குறைவு, எல்லாம் நல்லதுதான். ஆனால் அந்தச் சத்தம் போய்விட்டது. புகையும் இல்லை, டீசல் எஞ்சினின் உறுமலும் இல்லை. மின்சார வண்டி. வண்டி போடுகிற சத்தம் பக்கவாட்டில் நிற்பவனுக்குத்தான் நன்றாகக் கேட்கும்; நேர் எதிரே இருப்பவனுக்குக் கடைசி நேரத்தில்தான் வந்து சேரும். அதோடு அந்த வழியில் நான்கு பாதைகள். பக்கத்துப் பாதையில் ஒரு சரக்கு வண்டி போய்க்கொண்டிருந்தால், இந்தப் பாதையில் வருகிற எக்ஸ்பிரஸின் சத்தம் அதிலேயே கரைந்துவிடும். ஒரு வண்டி போனதும் கடந்துவிடலாம் என்று காத்திருந்து கால் வைத்தவர்களை அடித்தது, பெரும்பாலும் அந்தப் பக்கமிருந்து வந்த இன்னொரு வண்டிதான்.

2018 அக்டோபர் 19 அன்று அமிர்தசரசில் என்ன நடந்தது என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். தசரா அன்று ராவணன் பொம்மை எரிவதைத் தண்டவாளத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில் வண்டி புகுந்து சுமார் அறுபது பேர் போனார்கள். குடும்பம் குடும்பமாக வந்தவர்கள். வெடிச் சத்தம் மற்றதையெல்லாம் மறைத்துவிட்டது.

சத்தம் கேட்கும் என்று நம்பி நாங்களே வேலை செய்வதில்லை. தண்டவாளத்தில் கூட்டமாகக் கேங் வேலை நடந்தால் ஒருவன் விசிலும் கொடியுமாக லுக்-அவுட் நிற்பான்; அவன் ஊதினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு விலக வேண்டும். அவனுக்கு வேறு வேலை கிடையாது, பார்ப்பதுதான் வேலை. அப்படியும் தண்டவாளத்தைப் பராமரிக்கிற டிராக்மேன்கள் அடிபட்டுச் சாகிறார்கள். இப்போது 'ரக்ஷக்' என்று ஒரு கருவியை ரயில்வே கொடுக்கத் தொடங்கியிருக்கிறது. வண்டி நெருங்கினால் விளக்கு எரியும், சத்தம் போடும், அதிரும். காலமெல்லாம் தண்டவாளத்திலேயே நடந்தவனுக்கே வண்டி வருவது தெரியாது என்றுதானே அந்தக் கருவி? பிறகு எப்படி பதினாறு வயதுப் பையனுக்குத் தெரியும்?

வேகத்துக்கு வருவோம். இந்த வழியில் இப்போது மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி போகலாம். அதாவது ஒரு நொடிக்கு 36 மீட்டர். நானூறு மீட்டருக்கு அப்பால் வளைவில் முகப்பு விளக்கு தெரிகிறது என்றால், பதினோரு நொடி இருக்கிறது. நேர் எதிரே வருகிற விளக்கு நகர்வது போலவே தெரியாது. ஒரே இடத்தில் நிற்பது போல இருக்கும், இருக்கும், அப்புறம் திடீரென்று பெரிதாகிவிடும். டிரைவர் பார்த்துவிட்டால் நிறுத்திவிடுவார் என்று நினைக்கிறார்கள். அந்த வேகத்தில் அவசர பிரேக் போட்டாலும் வண்டி ஒரு கிலோமீட்டருக்குக் கிட்டப் போய்த்தான் நிற்கும். டிரைவரால் செய்ய முடிந்தது ஹாரன் அடிப்பது ஒன்றுதான்.

அகலத்தைப் பற்றிச் சொன்னபோதுதான் பையன்கள் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார்கள். ஒரு நாள் மாலை திருநின்றவூர்ப் பக்கம் மூன்று பேர். நடுவில் உட்கார்ந்தால் ஆபத்து என்று அவர்களுக்கும் தெரியும், அதனால் 'ஜாக்கிரதையாக', தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கிற ஸ்லீப்பர் கட்டையின் முனையில், தண்டவாளத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். திட்டினால் சிரிப்பார்கள் என்று தெரியும். அதனால் நான் ஒன்றும் திட்டவில்லை, என் டேப்பை எடுத்து ஒருவன் கையில் ஒரு முனையைக் கொடுத்து, "கட்டையை அளந்து சொல்லுடா" என்றேன். அளந்தான். 2.75 மீட்டர். "இப்போ லோக்கல் வண்டி எவ்வளவு அகலம் தெரியுமா? 3.66 மீட்டர். கழிச்சுப் பார்." அதில் ஒருவன் கெட்டிக்காரன், சட்டென்று போனில் கணக்குப் போட்டுவிட்டான். 91 சென்டிமீட்டர் வருகிறது. பக்கத்துக்குப் பாதி என்றால் 45. அதாவது கட்டை முனைக்கு வெளியிலும் ஒன்றரை அடி தூரத்துக்கு வண்டியின் உடம்பு வரும். கட்டை முனையில் உட்கார்ந்தவன் வண்டிக்குப் பக்கத்தில் உட்காரவில்லை, வண்டி போகிற இடத்துக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். எக்ஸ்பிரஸ் பெட்டி கொஞ்சம் ஒடுக்கம், அதுவும்கூட முனையைத் தாண்டித்தான் போகும். மூன்று பேரும் எழுந்து, ஜல்லியை விட்டே இறங்கி, நின்று திரும்பிப் பார்த்தார்கள். "ஸ்கூல்ல இதெல்லாம் சொல்லலியே தாத்தா" என்றான் கணக்குப் போட்டவன். பெரிசு தாத்தாவானது அன்றைக்குத்தான்.

அவன் கேட்டது சரியான கேள்வி. எங்களைப் போன்றவர்களுக்கு வேலையில் சேர்ந்த புதிதில் முதலில் சொல்லித்தருவதே இதைத்தான்: எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது, எந்தப் பக்கம் பார்த்து நடக்க வேண்டும். தண்டவாளத்தை ஒட்டியே பிறந்து, அதைத் தாண்டியே பள்ளிக்கூடம் போய் வருகிற பிள்ளைகளுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. அவர்களிடம் சொன்னதெல்லாம் "போகாதே, செத்துப்போவாய்" என்பது மட்டும்தான். தினமும் போகிறான், சாகவில்லை. அப்புறம் அவன் எப்படி அதை நம்புவான்?

இன்னொரு விஷயம், இது வெளியே அதிகம் பேசப்படாதது. சரக்கு வண்டி. சிக்னலுக்காக ஒரு சரக்கு வண்டி நின்றுவிட்டால் சுமார் எழுநூறு மீட்டர் நீளத்துக்கு ஊரே இரண்டாகிவிடும். காலை ஒன்பது மணிக்கு நின்றால் போச்சு. பிள்ளைகள் கொஞ்ச நேரம் பார்ப்பார்கள். பிறகு ஒருத்தி புத்தகப்பையைக் கழற்றி முதலில் அந்தப் பக்கம் தள்ளுவாள். அடுத்து சாப்பாட்டுக் கூடை. பிறகு பாவாடையை முட்டிக்குள் ஒடுக்கிக்கொண்டு, இரண்டு பெட்டிகளை இணைக்கிற கப்ளிங்குக்கு அடியில் குனிந்து நுழைவாள். பின்னாலேயே தம்பி. எஞ்சின் எங்கேயோ அரை கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. கிளம்பும்போது டிரைவர் ஹாரன் அடிப்பார், ஆனால் வால்பக்கம் நிற்கிறவர்களுக்கு அது கேட்காது. வண்டி ஒரேயடியாகவும் நகராது. முன்னால் இருக்கிற பெட்டி இழுபட, அது அடுத்ததை இழுக்க, அந்த இழுப்பு பெட்டி பெட்டியாக 'டண் டண்' என்று பின்னால் ஓடி வரும். இங்கே வந்து சேரும்போது ஒரே வெடுக்கு. பிள்ளை குனிந்திருக்கிற நேரமும் அந்த வெடுக்கு வருகிற நேரமும் ஒன்றானால்... மேலே எழுத வேண்டாம். இதைப் பார்த்துக் கத்தி விரட்டியிருக்கிறேன். விரட்டினால் நூறடி தள்ளிப்போய் நுழைவார்கள்; பள்ளிக்கூடத்தில் தாமதமானால் வெளியே நிற்க வைப்பார்கள் என்கிற பயம். இந்தப் பிள்ளைகளையும் 'தண்டவாளத்தில் விளையாடும் இளைஞர்கள்' என்ற ஒரே கணக்கில்தான் சேர்க்கிறோம்.

நின்றுகொண்டிருக்கிற வண்டியின் மேல் ஏறுவது வேறு வகை. போட்டோவுக்காக. மேலே போகிற கம்பியில் 25,000 வோல்ட் ஓடுகிறது. வீட்டில் இருப்பது 230. வண்டி வரும்போதுதான் கம்பியில் கரண்ட் விடுவார்கள் என்று பெரியவர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இல்லை, எந்நேரமும் இருக்கும். இன்னொன்று, கம்பியைத் தொட்டால்தானே என்பார்கள். தொடவே வேண்டாம். நெருங்கினாலே காற்றைத் தாண்டிப் பாயும். கம்பியிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பது எங்களுக்கு வைத்த விதி. வேகன் மேல் நின்று செல்ஃபிக்குக் கையைத் தூக்குகிறவனுக்கு இரண்டு மீட்டர் எங்கே இருக்கிறது?

படியில் தொங்குவதைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். 'ரூட்டு தல' என்று ஒரு வழியில் போகிற மாணவர் கூட்டத்துக்குத் தலைவனாகத் திரிவது, பிளாட்பாரத்தில் காலை உரசிக்கொண்டு வருவது, பட்டாக்கத்தி, ரீல்ஸ், இதெல்லாம் எங்கள் வழியில் நிறைய. இவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. கத்தி எடுத்தவனைப் போலீஸ் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் தொங்குகிறவன் எல்லோரும் ரவுடி இல்லை. 2018 ஜூலை 24 அன்று பரங்கிமலையில் தொங்கிக்கொண்டு போனவர்கள் வேலைக்கும் கல்லூரிக்கும் போன சாதாரணப் பிள்ளைகள். அன்று மின்கம்பிக் கோளாறு, நெரிசல், உள்ளே இடமில்லை. திருமால்பூர் வண்டியை எக்ஸ்பிரஸ் போகிற பாதையில் திருப்பிவிட்டார்கள். தினமும் தொங்குகிறவனுக்கு எந்தக் கம்பம் எங்கே வரும் என்பது மனப்பாடம். தலையை எப்போது உள்ளே இழுக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருப்பான். ஆனால் அந்தக் கணக்கு அவன் தினமும் போகிற பாதைக்கு மட்டும்தான் பொருந்தும். அன்று வேறு பாதை, பக்கத்தில் சுவர். நாலைந்து உயிர் போயிற்று.

2022 ஏப்ரலில் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம், செட்டிபுண்ணியம் அருகே, தண்டவாளத்தில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்த மூன்று இளைஞர்கள் போனார்கள். இது போன்ற செய்திகளுக்கு நீங்கள் போடுகிற தலைப்பு எப்போதும் 'செல்ஃபி மோகம்'. ஆசிரியர் ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தத் தலைப்பைப் படிக்கிற பையன், 'நான் செல்ஃபி எடுக்கவில்லையே, சும்மாதானே உட்கார்ந்திருக்கிறேன்' என்று நினைத்துக்கொள்கிறான். எந்த இடம், அங்கே ஒற்றையடிப் பாதை உண்டா, நடைமேம்பாலம் எவ்வளவு தூரம், வண்டி என்ன வேகத்தில் வந்தது என்று நாலு வரி போட்டால் அது அடுத்தவனுக்கு உபயோகப்படும்.

பெரியவர்களான நாம் மட்டும் என்ன? கேட் மூடியிருக்கும்போது பைக்கைச் சாய்த்துத் தடுப்புக்கு அடியில் நுழைக்கிறவர் பின்சீட்டில் யார்? அவர் மகன்தான். மதில் கட்டினால் ஒரு மாதம் நிற்கிறதா? கோயில் திருவிழா வந்தால் ஓட்டை. ரேஷன் கடை அந்தப் பக்கம் என்றால் இன்னொரு ஓட்டை. ஆனால் ஜனங்களை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. வேப்பம்பட்டில் 2023 நவம்பரில் ஒரு தகப்பனும் இரண்டு பெண்பிள்ளைகளும் தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டு இறந்தார்கள். மேம்பால வேலை ஆண்டுக்கணக்கில் பாதியில் நின்ற ஊர் அது. சுரங்கப்பாதை இருக்கிற ஊர்களிலும் மழை பெய்தால் அது குளம். இடுப்பளவு தண்ணீரில் யூனிஃபார்மோடு இறங்குவானா, மேலே ஏறிக் கடப்பானா? நீங்களே சொல்லுங்கள். தண்டவாளத்தின் ஓரத்தில் புல் முளைக்காமல் தேய்ந்து கிடக்கிற தடம் எங்கே இருக்கிறது என்று எந்தக் கீமேனைக் கேட்டாலும் சொல்லுவான். வரைபடத்தில் வசதியாகத் தெரிகிற இடத்தில் கட்டாமல் அந்தத் தடத்தில் கட்டினால், ஜனங்கள் தானாகவே அதில் போவார்கள்.

விழிப்புணர்வு நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். ஆண்டுதோறும் துண்டுப் பிரசுரம் கொடுக்கிறார்கள். ஒரு தடவை எமதர்மன் வேஷம் போட்டு ஒருவரை ஸ்டேஷனில் நிறுத்தினார்கள், கதாயுதம், பாசக்கயிறு எல்லாம் உண்டு. நல்ல முயற்சிதான். பையன்கள் வரிசையில் நின்று எமனோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு, பிறகு பிளாட்பாரம் முனையில் இறங்கித் தண்டவாளத்தைக் கடந்து வீட்டுக்குப் போனார்கள்.

பயமுறுத்துவதை இத்தனை காலம் செய்து பார்த்தாயிற்று. சொல்லிக்கொடுப்பதை ஒரு தடவை செய்து பார்க்கலாம் என்கிறேன். வில்லிவாக்கத்திலிருந்து திருவள்ளூர் வரைக்கும் தண்டவாளத்தை ஒட்டி இருக்கிற பள்ளிக்கூடங்களை எண்ணினால் ஒரு கை விரல்கள் போதாது. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், ஒவ்வொன்றிலும் காலை வழிபாடு முடிந்த பிறகு அரை மணி நேரம் கொடுத்தால் போதும். அதிகாரி வேண்டாம், மைக் வேண்டாம், பவர்பாயிண்ட் வேண்டாம். கீமேனோ டிராக்மேனோ ஒருவர், ஒரு டேப், ஒரு சாக்பீஸ். மைதானத்தில் 2.75 மீட்டருக்குக் கட்டை வரைய வேண்டும், அதற்குமேல் 3.66 மீட்டருக்கு வண்டி வரைய வேண்டும். பிள்ளைகளையே வந்து நிற்கச் சொல்ல வேண்டும். நொடிக்கு 36 மீட்டர் என்றால் எவ்வளவு என்று மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு அவர்களையே ஓடவிட்டு, கடிகாரம் பிடித்துக் காட்ட வேண்டும். சரக்கு வண்டி நின்றுவிட்டால் தாமதமாக வரலாம், அதற்குத் தண்டனை கிடையாது என்று தலைமையாசிரியர் அதே இடத்தில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இந்தக் கடைசிச் சங்கதிக்குக் காசே செலவில்லை.

ஓய்வு பெற்ற எங்கள் ஆட்கள் ஆவடி, அம்பத்தூர், செவ்வாப்பேட்டை என்று இந்த வழியிலேயே நிறையப் பேர் இருக்கிறோம். பேசிப் பார்த்தேன், வருவதற்குத் தயாராக இருக்கிறார்கள். சம்பளம் எதுவும் கேட்கவில்லை. கல்வித்துறை ஒரு அனுமதிக் கடிதம் கொடுத்தால் போதும். இந்தப் பகுதித் தலைமையாசிரியர் யாராவது இதைப் படித்தால், உங்கள் அலுவலகம் மூலமாக எனக்கு ஒரு வரி தெரிவிக்கச் சொல்லுங்கள். டேப் என்னிடமே இருக்கிறது, கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கீமேன்,
திருநின்றவூர்.